இரண்டு அரைக்கு ஒரு ஆள்

குருவிக்கொல்லைத் தோட்டம்,
கீழ்க்கணக்கு, பெரகல.
6 பெப்ரவரி 2017

அன்புள்ள தம்பி மொஹிதீனுக்கு, சிவனு அண்ணன் சொல்ல, பள்ளிக்கூடத்து துஷாந்தினி டீச்சர் எழுதுவது.

எந்த வருஷம் பள்ளிக்கூடம் கட்டினோம் என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். நம்பர் எனக்குத் தெரியாது. வருஷம் தெரியும். பாண் ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நின்ற வருஷம். அரிசியை ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டு போனால் பொலிஸ் பிடித்த வருஷம். உங்கள் வாப்பா கடையில் சீனி இல்லாமல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம். தோட்டம் அப்போதும் வெள்ளைக்காரக் கம்பனி கையில்தான். அரசாங்கம் எடுத்தது அடுத்த வருஷம். முத்துவேல் குடும்பத்துக்கு இந்தியா போகச் சீட்டு வந்ததும் அப்போதுதான். "கூரையப் போட்டுட்டுத்தான் கப்பலேறுவேன்"னு சொல்லி, போட்டுவிட்டுத்தான் போனான். ஐப்பசி மழைக்கு நாலு நாள் இருக்கும்போது கடைசித் தகரத்தை அடித்தோம்.

(ஐயா, டீச்சர் எழுதுகிறேன். கணக்குப் பார்த்தேன். 1974 வருகிறது.)

விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாகாண சபையில் சின்னப் பள்ளிக்கூடங்களைப் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கிறார்களாம். ஐம்பது பிள்ளைக்குக் கீழே இருந்தால் மூட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் நம் பள்ளிக்கூடத்தையும் எழுதிவிட்டார்கள். நாற்பத்தொரு பிள்ளை என்று போட்டிருக்கிறது. மூடினால் பிள்ளைகள் மெயின் ரோட்டில் இறங்கி நாலு மைல் போக வேண்டும். மலைக்கு மேலே மேற்கணக்குப் பிரிவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஆறு மைல். பெரிய பஸ் அந்த வளைவில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து வயசுப் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? மேற்கணக்கில் முப்பது நாற்பது பிள்ளை லயத்து வீட்டிலேயே நின்றுவிடும். அவ்வளவுதான்.

நீங்கள் சபையின் கல்விக் குழுவுக்குத் தமிழ் மனுக்களை மொழிபெயர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் நல்ல பெயர்தான். ஆனால் என் மகள் கலியாணத்துக்கு வந்துபோன பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெரகலையில் பஸ் நிற்காதா?

(ஐயா, வரவு இடாப்பில் அறுபது பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்வி வலயத்து உத்தியோகத்தர் கஜேந்திரன் என்பவர் வேண்டுமென்றே குறைத்து எழுதியிருக்கிறார். அவர் மீது முறைப்பாடு அனுப்பிவிட்டேன். சும்மா விட மாட்டேன். — து.)

நலம் பற்றி எழுதவும்.

சிவனு
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)


பசறை வீதி,
பதுளை.
14 பெப்ரவரி 2017

அன்புள்ள சிவனு அண்ணனுக்கு, மொஹிதீன் எழுதிக்கொள்வது.

இறைவன் புண்ணியத்தில் நானும் காமிலாவும் நலம். இடது கண்ணில் மட்டும் வெள்ளை விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் ஒப்பரேசன் என்கிறார்கள். பெரகலையில் பஸ் நிற்கிறது அண்ணன், எனக்குத்தான் இப்போது பஸ் நம்பர் தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் நல்லதும் இருக்கிறது. எட்டுப் பிள்ளைக்கு நாலு ஆசிரியர் உள்ள இடங்கள் மாகாணத்தில் உண்டு. ஆசிரியரே இல்லாத இடமும் உண்டு. அதைச் சரி செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் இல்லாத பிள்ளைகளின் பெயரை இடாப்பில் எழுதி வைத்திருந்தார்களாம். அதனால் இடாப்பை நம்புவதில்லை, தொகைமதிப்பு நாளன்று பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகளின் தொகையே செல்லும் என்று குழு முடிவெடுத்துவிட்டது. உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அன்றைய தொகை நாற்பத்தொன்று. டீச்சரின் இடாப்பை எத்தனை தடவை அனுப்பினாலும் மேசையில் கிடக்கும்.

குழு மார்ச் 28ஆம் தேதி பதுளையில் கூடுகிறது. ஏப்ரலில் பட்டியல் சபைக்குப் போகும். சபையில் கை தூக்கிவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. கஜேந்திரனை எனக்குத் தெரியும். பொய் எழுதுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டபோது அங்கிருந்து யாரோ சொன்ன தொகையைத்தான் எழுதினேன் என்கிறார். டீச்சரின் முறைப்பாட்டால் அவர் மேல் விசாரணை வந்திருக்கிறது. வரவேண்டிய பதவி உயர்வும் நின்றுபோயிருக்கிறது.

அண்ணன், பத்து வருடமாக நீங்கள்தான் அங்கே மணி அடிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் கோழி கூட நுழையாது. போனை எடுத்தது யார்?

பிரியத்துடன்,
மொஹிதீன்


குருவிக்கொல்லை.
20 பெப்ரவரி 2017

அன்புள்ள தம்பிக்கு, சிவனு அண்ணன் சொல்லி துஷாந்தினி டீச்சர் எழுதுவது.

உங்கள் கடிதத்தை டீச்சர் வாசித்துக் காட்டினார். கண் ஒப்பரேசனுக்குப் பயப்பட வேண்டாம். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த வேலம்மாவுக்குச் செய்தார்கள், இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

இங்கே பனி. கொழுந்து குறைவு. எனக்கு முழங்கால் வலி.

அந்த உத்தியோகத்தருக்குப் பிள்ளைகள் இருக்கா?

வேறு விசேஷம் இல்லை.

சிவனு
(கைநாட்டு)

(ஐயா, உங்கள் கேள்விக்குச் சிவனு ஐயா பதில் சொல்லவில்லை. இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். "மழ வருது, மணியடிக்கணும்"னு எழுந்து போய்விட்டார். மழையும் இல்லை, மணியடிக்கும் நேரமும் இல்லை. — து.)


றுஸைனா ஸ்டோர்ஸ்,
பெரகல சந்தி.
23 பெப்ரவரி 2017

தம்பி மொஹிதீனுக்கு, சிவனு சொல்வது.

கையெழுத்து மாறியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். இது உங்கள் வாப்பா கடைக்குப் பக்கத்துக் கடைக்காரி றுஸைனா எழுதுவது. டீச்சரை வைத்து எழுத முடியாத கடிதம். பதிலை இந்தக் கடை விலாசத்துக்கே போடுங்கள்.

போனை எடுத்தது நான்.

போன வருஷம் ஆனி மாதம். மேற்கணக்குப் பிள்ளை ஒன்றுக்குக் குளவி கொட்டி, டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மற்ற டீச்சர் பிள்ளை பெற்று லீவில். போன் மேசையில் கிடந்து அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்தன. எடுத்தேன். ஒரு ஐயா மரியாதையாக, "இன்னைக்கு எத்தன புள்ளைங்க வந்திருக்கு?"ன்னு கேட்டார். "ஒரு நிமிசம் பொறுங்க"ன்னு சொல்லி எண்ணினேன்.

தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் சில்லறைக் கங்காணி. ஒவ்வொரு நாளும் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பினவன். எழுதத் தெரியாது, ஆனால் ஒரு நாளும் என் எண்ணிக்கை பிழைத்ததில்லை. கணக்கப்பிள்ளை என் வாயைப் பார்த்துத்தான் எழுதுவார். நேரத்துக்கு வந்தவன் முழு ஆள். பிந்தி வந்தவனுக்கு அரை நாள். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு ஆள். மலையில் அப்படித்தான்.

மேற்கணக்குப் பிள்ளைகள் ஒரு நாளும் மணிக்கு வருவதில்லை. தாய்மார் ஆறரைக்கே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக் காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா வந்து கதவு திறக்க எட்டு மணியாகும். அதுவரை தம்பி தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, கொடுத்துவிட்டு, இரண்டு மைல் ஓடி வருகிறபோது ஒன்பது. அன்றைக்கு மணிக்கு முன் வந்தது இருபத்திரண்டு. பிந்தி வந்தது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு அரைக்குப் பத்தொன்பது. "நாப்பத்தொண்ணுங்க ஐயா"ன்னு சொன்னேன். "சரியா எண்ணினீங்களா?"ன்னு கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "நான் எண்ணினா பிழைக்காதுங்க"ன்னேன்.

(மொஹிதீன் நானா, சிரிப்பை அடக்க முடியாமல் எழுதுகிறேன். மனிசன் எதிரில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார். அதனால் சிரிப்பை நிறுத்திவிட்டேன். — றுஸைனா)

அன்றைக்கே மறந்துவிட்டேன். தை மாதம் பட்டியல் வந்து, டீச்சர் "நாற்பத்தொன்று" என்று வாசித்தபோதுதான் அது நான் சொன்ன தொகை என்று தெரிந்தது. டீச்சர் அந்த உத்தியோகத்தரைத் திட்டத் தொடங்கினார். வாயைத் திறக்கப் பார்த்தேன். "கங்காணி ஐயா, ஒங்களப்போல ஒரு நேர்மையான ஆள் அந்த ஒபிஸில இருந்திருந்தா!"ன்னு சொன்னார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

நாற்பத்து மூன்று வருஷம் முன்னால் தோளில் மரம் சுமந்து கட்டினேன். இப்போது ஒரு வார்த்தையில் இடித்துவிட்டேன். யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனுக்கு என்னால் விசாரணை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். டீச்சருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

சிவனு
(கைநாட்டு. தேயிலை மூட்டையில் அடிக்கிற மையில் வைத்தார், இழுபட்டிருக்கிறது.)


பதுளை.
1 மார்ச் 2017

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காமிலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். ஏனென்று கேட்டால், ஒரு உத்தியோகத்தர் வேண்டுமென்றே குறைத்து எழுதினார் என்றால் அதை நிரூபிக்க ஒரு வருடம் வேண்டும். ஒருவர் பிழையாக எண்ணினார் என்றால் மறுபடி எண்ணினால் போதும். நீங்கள் பள்ளிக்கூடத்தை இடிக்கவில்லை அண்ணன். அதைக் காப்பாற்றுகிற சாட்சி உங்கள் வாயில்தான் இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, உங்கள் கடிதத்தை நான் குழுவுக்கு மொழிபெயர்க்க மாட்டேன். கடிதம் போதாது. 28ஆம் தேதி நீங்களே வந்து சொல்ல வேண்டும். இரண்டாவது, டீச்சருக்குத் தெரியாமல் அது நடக்காது. முறைப்பாட்டை எழுதியவர் அவர். அவர்தான் திரும்பப் பெற வேண்டும். கஜேந்திரனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்.

சொல்ல நாக்கு வராது என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை பிழைத்தது என்று நீங்கள் வாழ்க்கையில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதனால் ஒரு வழி சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டு போய், எப்போதும் போல "டீச்சர், மொஹிதீன் தம்பி கடுதாசி போட்டிருக்கு, வாசிங்க"ன்னு கொடுங்கள். மிச்சத்தை இது சொல்லும்.

துஷாந்தினி டீச்சருக்கு: மகளே, இந்த இடத்துக்கு வரும்போது உங்களுக்குக் கோபம் தலைக்கேறியிருக்கும். அறுபது பிள்ளைகளை ஒரு மனிதர் நாற்பத்தொன்றாக்கினார், உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த அறுபதையும் விட்டுவிட்டு அவரும் போயிருக்கலாம். சம்பளம் இல்லாத ஆள். போகவில்லை.

28ஆம் தேதி நான் இருக்க மாட்டேன். அன்றுதான் கண் ஒப்பரேசன். எனக்குப் பதிலாக நிப்லா என்ற பிள்ளை மொழிபெயர்ப்பாள். கெட்டிக்காரி. மெதுவாகப் பேசுங்கள்.

உங்கள்
மொஹிதீன்


குருவிக்கொல்லை.
30 மார்ச் 2017

அன்புள்ள தம்பிக்கு, சிவனு அண்ணன் சொல்லி துஷாந்தினி டீச்சர்தான் எழுதுவது. பாருங்கள், அவரேதான்.

உங்கள் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும். காமிலா தங்கச்சி வாசித்துக் காட்டுவார். இப்போது நீங்களும் என் கட்சி. பிறத்தியார் வாயால் கடிதம் படிப்பது எவ்வளவு தொல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே கடிதத்தைக் கொடுத்தேன். டீச்சர் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். "ஒருவர் பிழையாக எண்ணினார்" என்ற இடத்தில் குரல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் முதலில் இருந்து மனசுக்குள் வாசித்தார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"கங்காணி ஐயா, நீங்களா?"

"நான்தான் டீச்சர்."

"ஒரு மாசத்துக்கு மேல அந்த மனுசன நான் மண்ணள்ளித் தூத்தாத கொற. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க!"

"ஆமா டீச்சர்."

"இந்தக் கையால ரெண்டு கடுதாசி எழுதியிருக்கேன், ஒங்களுக்காக!"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் மணியடித்தேன், அவர் பாடம் நடத்தினார். மூன்றாம் நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "சீனி போட்டிருக்கு. அரக் கரண்டி. பிந்தி வர்ற ஆளுக்கு அவ்வளவுதான்"ன்னு சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

(அன்றே முறைப்பாட்டைத் திரும்பப் பெற்று, கஜேந்திரன் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டும் எழுதிவிட்டேன் ஐயா. — து.)

28ஆம் தேதி விடியலில் டீச்சரும் நானும் பஸ்ஸில் பதுளை வந்தோம். பெரிய மண்டபம், நீட்டு மேசை, ஒவ்வொருவருக்கும் முன்னால் தண்ணீர்ப் போத்தல். தலைவர் சிங்களத்தில் கேட்க, நிப்லா பிள்ளை தமிழில் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னேன். அரை நாள் கணக்கைச் சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. தாடி வைத்த ஒரு உறுப்பினர், எழுதப் படிக்கத் தெரியாத ஆளின் சொல்லை எப்படி எடுப்பது என்று கேட்டார். நிப்லா அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சொன்னேன்: "ஐயா, எழுதத் தெரியாது. எண்ணத் தெரியும். இந்த மேசையில பதினொரு பேர் இருக்கீங்க. நானும் டீச்சரும் வந்து ஒக்காந்தப்ப ஒம்பது பேருதான். அந்தம்மா தேத்தண்ணி வந்த பொறகு வந்தாங்க. நீங்க அதுக்கும் பொறகு. எங்க கணக்குல ஒங்க ரெண்டு பேருக்கும் அர நாள். ரெண்டு அரைக்கு ஒரு ஆள். ஆகப் பத்து."

நிப்லா சொல்லி முடிக்கவில்லை, தலைவர் மேசையில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாகத் தாடிக்காரரும். தலைவர் சிரித்து ஓய்ந்து, "பதினொரு பேரில ஒரு ஆளக் காணாமப் போக்கிட்டாரே! அப்ப இப்படித்தான் பத்தொம்பது புள்ளைங்க போச்சா?"ன்னு கேட்டாராம். "இப்படித்தாங்க. புள்ளைங்க அங்கதான் இருக்கு. வந்து பாருங்க"ன்னேன்.

மறுநாள் காலையில் வந்துவிட்டார்கள் தம்பி! இரண்டு பேர் எட்டு மணிக்கு எண்ணினார்கள், இருபத்து நாலு. டீச்சர் இடாப்பைத் திறந்து திறந்து பார்த்தார். "பொறுங்க டீச்சர், வழியப் பாருங்க"ன்னேன். ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பனிக்குள்ளிருந்து மேற்கணக்கு இறங்கி வந்தது. ஓட்டமும் நடையுமாய். கேட்டில் நின்று முகத்துக்கு முகம் எண்ணினார்கள். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மூன்றோடு மொத்தம் அறுபத்து மூன்று. நானும் எண்ணினேன், முழுசு முழுசாக. அறுபத்து மூன்றுதான்.

எண்ண வந்தவர்களில் ஒருவர் ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்டார். அவள், "ஆயா கதவு தொறந்தாத்தானே"ன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

முடிவு என்னவென்று தெரியவில்லை. கண் ஆறியதும் எழுதுங்கள்.

சிவனு
(கைநாட்டு)


பதுளை.
27 ஏப்ரல் 2017

அன்புள்ள சிவனு அண்ணனுக்கு,

கட்டு அவிழ்த்தபின் என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுச் சபையில் பட்டியல் வந்தது. பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குருவிக்கொல்லைப் பள்ளிக்கூடம் பட்டியலில் இல்லை. எடுத்துவிட்டார்கள். தொகைமதிப்புக்கு இனிப் போனில் கேட்கக் கூடாது, நேரில் போய் ஒன்பது மணிக்குப் பிறகு எண்ண வேண்டும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அந்த வரியால் இன்னும் நாலு தோட்டப் பள்ளிக்கூடங்கள் தப்பின. பிள்ளைக் காம்பராவைப் பெரட்டுக்கு முன்னாலேயே திறக்கும்படி தோட்டங்களைக் கேட்கவும் தீர்மானம். அந்த வரிகளுக்கு உங்கள் பெயர் போட மாட்டார்கள். எனக்குத் தெரியும் அவை எங்கே தொடங்கினவென்று.

கஜேந்திரனின் விசாரணை மூடப்பட்டது. "அந்த வயசாளியப் பாக்கணும், அப்படியொரு கோபமா எனக்கு யாரும் போன்ல பதில் சொன்னதில்ல"ன்னு சிரிக்கிறார்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். வாப்பாவின் பெட்டியில் கிடைத்தது. கூரை போட்ட அன்று பண்டாரவளை ஸ்டூடியோக்காரர் எடுத்தது. பள்ளிக்கூடத்தின் பதிவுக் கோவைக்கு, கட்டியவர்களின் பெயர்களை வரிசையாகக் கேட்கிறார்கள். எனக்குப் பாதி முகம் ஞாபகம் இல்லை. நீங்கள் சொல்லி டீச்சர் எழுதட்டும்.

பிரியத்துடன்,
மொஹிதீன்


குருவிக்கொல்லை.
4 மே 2017

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் பாயாசம். டீச்சர் அழுதார். என்னைக் கேட்டால் புகை என்று சொல்லச் சொல்கிறார். (புகைதான். — து.) நேற்று முதல் பிள்ளைக் காம்பரா ஆறு மணிக்கே திறக்கிறார்கள். இன்று மணியடித்தபோது ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. எனக்கு மணியை நிறுத்த மனம் வரவில்லை.

நேற்று நன்றாகத் தூங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

கேட்ட பெயர்களைக் கீழே சொல்லியிருக்கிறேன். படத்தைத் திருப்பித் தர மாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் வந்து பாருங்கள். பெரகலையில் பஸ் நிற்கும், இப்போது நம்பரும் தெரியும்.

அன்புடன்,
சிவனு
(கைநாட்டு)

படத்தில் இடது பக்கத்திலிருந்து:

தலைப்பாகை கட்டியவர் கணபதி கங்காணி. மகள் வீட்டோடு இருக்கப் போனார். மீரியபெத்தயில் மலை சரிந்த அன்று மண்ணுக்குள் போனார்.

பக்கத்தில் முத்துவேல். சொன்னபடி கூரை போட்டுவிட்டுக் கப்பலேறினான். கூடலூரில் செத்ததாக அவன் மகன் எழுதினான்.

தலையில் தகரத்தோடு நிற்பது மாரியாயி. படம் எடுக்கிறார்கள், இறக்கி வை என்றாலும் கேட்கவில்லை. பதினொரு தகரம் அவள் ஒருத்தி சுமந்தது. போன வருஷம் பனிக்காலத்தில் போய்விட்டாள்.

வெள்ளைச் சட்டை கிளாக்கர் ஐயா. துரைக்குத் தெரியாமல் மரம் வெட்ட விட்டவர். மொனராகலைக்கு மாற்றலாகிப் போய் அங்கேயே முடிந்தது.

தொப்பி போட்டவர் உங்கள் வாப்பா. ஆணியெல்லாம் அவர் கொடுத்தது.

மேலே கூரை விளிம்பில் இரண்டு கால் மட்டும் தொங்குகிறதே, அது நான். முகம் இல்லை, அதனால் அரை ஆள் போடுங்கள்.

கடைசியில், கையில் சுத்தியலோடு, யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் திருப்பிச் சிரிக்கிற மீசை முளைக்காத பெடியன். முழு ஆளாய் எண்ணினால் இந்தப் படத்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். பெயர் மொஹிதீன்.